இஞ்ஞாசியின் கிட்டங்கி

பேய் இல்லை என்று நிரூபித்துக் காட்டிய அன்று ஜெபகனிக்குக் கைதட்டினார்கள். தட்டியவர்கள் எல்லாரும் ஆண்கள். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

பெரியதாழையிலிருந்து கடற்கரையோடு நடந்தால் புன்னைத்துறை வரும். ஒரு மாதா கோயில், சிலுவை நட்ட ஒரு குருசடி, மணலில் ஓலை வீடுகள். காரைக் கட்டிடம் என்று பார்த்தால் கோயிலை விட்டால் அந்தக் கிட்டங்கி ஒன்றுதான். முத்துச் சலாபம் என்று முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளித்தெடுத்த சிப்பியைக் குவித்து அழுகவிடக் கட்டியது. சலாபம் நின்ற பிறகு யாரும் அதைச் சீந்தவில்லை. கதவும் நிலையும் போய்விட்டன. சுற்றிலும் வெற்றுச் சிப்பி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. யார் கால் வைத்தாலும் நொறுங்கும். காக்கை வந்து உட்கார்ந்தால்கூடக் கேட்கும்.

உச்சிவேளையில் அதற்குள்ளிருந்து ஒரு பெண் முனகுவாள். கோயிலில் மத்தியான மணி அடித்து ஓய்ந்ததும் தொடங்கும். இஞ்ஞாசி என்றார்கள். கடைசிச் சலாபத்தின்போது புருஷனுக்குப் பயந்து அங்கே ஓடி ஒளிந்தவள். அவன் தேடிப் பிடித்துவிட்டான். சிப்பியில் வழுக்கி விழுந்து செத்தாள் என்று ஊர் சொல்லிற்று. போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. பிறகு கொழும்புக்குப் போன புருஷன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு உச்சி சாய்கிறவரை எந்த ஆணும் கிட்டங்கிப் பக்கம் போவதில்லை.

ஜெபகனி நாசரேத்துப் பெண். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே டீச்சர் வேலை வேண்டாம் என்றிருந்தவளை, தூத்துக்குடியில் மாதர் சங்கம் நடத்திய ஜீவமணி அம்மா கூப்பிட்டுக்கொண்டாள். ஜீவமணி அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உலகம் முழுக்க மாதர் ஆண்டு என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. சீமையிலுள்ள ஒரு திருச்சபை நிதி, வீட்டுக்குள் பெண்களை அடிப்பதைத் தடுக்க என்ன வழி என்று ஆராய ஒரு வருஷத்துக்குப் பணம் கொடுத்திருந்தது. வழி கண்டுபிடித்துக் காட்டினால், அதை நடத்திப் பார்க்க மேலும் சில வருஷங்களுக்குப் பணம் வரும். சங்கம் புன்னைத்துறையைத் தேர்ந்தெடுத்தது. ஜெபகனி அந்தோணியம்மாள் வீட்டுப் பின்கட்டில் தங்கினாள். அந்தோணியம்மாள் கருவாட்டு வியாபாரி. புருஷன் இல்லை. வாய் உண்டு.

படித்தவள் என்பதால் ஊரார் அவளை டீச்சர் என்றார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டதில் எல்லாப் பெண்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"எங்க வீட்டுல அப்படியெல்லாம் கிடையாது டீச்சர்."

உதடு கிழிந்து தையல் போட்டிருந்தவளும் அதையேதான் சொன்னாள். தையலை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

ஜீவமணி அம்மா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. கிட்டங்கியை வெள்ளையடித்து மாதர் மையம் ஆக்குவது. தையல் சொல்லிக்கொடுக்கலாம், சட்டம் சொல்லிக்கொடுக்கலாம், அடிபட்டவள் வந்து பேசலாம். ஊர்க் கமிட்டிதான் இழுத்தடித்தது. பேய் கிடக்கிற இடத்துக்கு எவள் வருவாள் என்று கேட்டார்கள்.

"நீ சயின்ஸ் படிச்சவ. போயி என்னன்னு பாரு," என்றாள் ஜீவமணி அம்மா.

ஜெபகனி போய்ப் பார்த்தாள். பார்த்ததும் விளங்கிவிட்டது. கடலைப் பார்த்த சுவரில், தலைக்கு மேல், மூன்று மண்குழாய்கள் பதித்திருந்தன. சிப்பி அழுகுகிற நாற்றம் வெளியே போக வைத்தவை. உச்சியில் கரை சூடேறியதும் கடல் காற்று திரும்பி நேராக அந்தச் சுவரில் வந்து மோதும். சீசா வாயில் ஊதினால் வருகிற சத்தம்தான். வேறொன்றுமில்லை.

கடலுக்குப் போனவர்கள் கரையேறி, மீன் ஏலம் முடிந்து, மணலில் கூடியிருந்த ஒரு மத்தியானம் பார்த்து அவள் சாக்குத் துணியோடு போனாள். கவிழ்த்த பெட்டியில் ஏறி ஒவ்வொரு குழாயாக அடைத்தாள். மூன்றாவதை அடைத்ததும் சத்தம் அறுந்தது. அலை மட்டும் கேட்டது.

முதலில் சிரித்தவன் ரோச். நல்ல உயரம், நல்ல குரல். கோயில் பாடற்குழுவில் அவன் பாடினால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

"எலே, இம்புட்டுக் காலமா ஒரு ஓட்டைக்குப் பயந்துகிட்டுக் கெடந்திருக்கோம்லே," என்றான்.

அப்போதுதான் கைதட்டினார்கள். பெண்கள் தள்ளி, கிணற்றடியில் நின்றிருந்தார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் அந்தோணியம்மாள் காரல் கருவாட்டைப் புரட்டிப் போட்டபடி சொன்னாள்.

"நல்லா அடைச்சிய, தாயி."

"இனி எல்லாரும் பயமில்லாமப் போலாம்லா யக்கா?"

"ஆமா. இனி யாருன்னாலும் போலாம்."

ஜெபகனி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

ஆண்கள் கிட்டங்கிக்குள் போக ஆரம்பித்தார்கள். வெயிலுக்கு நல்ல நிழல். சீட்டாடினார்கள், படுத்தார்கள். ரோச் தன் வலையை உள்ளே ஆணியில் மாட்டினான். உச்சிவேளை மற்ற நேரத்தைப் போல ஆகிவிட்டது. ஜெபகனிக்குத்தான் அந்த நேரம் வந்தால் காது எதையோ தேடும். மணி ஓய்ந்ததும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்திருப்பாள். பிறகு எழுதுவாள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் சிப்பி நொறுங்குகிற சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள். பின்னாலேயே கனத்த கால்கள். அப்புறம் அந்த முனகல் வந்தது. அது ஏறி ஏறி ஒரு நீண்ட ஊளையானது.

குழாயில் சாக்கு விழுந்துவிட்டது என்று ஜெபகனி நினைத்தாள். நாளைக்குப் போய்ச் சரியாக அடைக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

சத்தம் "மாதாவே" என்றபோதுதான் எழுந்து ஓடினாள்.

ரோச் தன் மனைவி ஞானசௌந்தரியை முடியைப் பிடித்துச் சிப்பிமேல் இழுத்துக்கொண்டு வந்தான். உள்ளே சீட்டாடியவர்கள் வழி விட்டு எழுந்து நின்றார்கள். சீட்டு கையிலேயே இருந்தது. ஒருவன், "விடுலே, போதும்" என்றான். கையை நீட்டவில்லை. வீட்டுவாசல் வந்ததும் ரோச் தானாகவே விட்டான். விட்டுவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

ஞானசௌந்தரியை அந்தோணியம்மாள் தன் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். முதுகிலும் குதிகாலிலும் சிப்பிச் சில்லுகள் ஏறியிருந்தன. இடது காதிலிருந்து இரத்தம் வடிந்தது. அந்தோணியம்மாள் ஒவ்வொரு சில்லாக எடுத்தாள். ஜெபகனி விளக்கைப் பிடித்துக்கொண்டாள். பகலிலும் அந்த வீட்டுக்குள் இருட்டுத்தான்.

"அங்கன எதுக்கு ஓடினா, யக்கா?" என்று ஜெபகனி கேட்டாள்.

அந்தோணியம்மாள் நிமிரவில்லை.

"வேற எங்கன ஓடுவா? அம்மை வீடு மணப்பாட்டுல. அண்ணங்காரன் மறு பஸ்ஸுலயே ஏத்தி விட்டுருவான். போலீசுக்குப் போனா குடும்ப விசயம்பான். மத்தியானம் குடிச்சிட்டு வாரவன் கைய ஓங்குனா, கிட்டங்கிக்குள்ள ஓடிருவோம். நான் போயிருக்கேன். எங்க மாமியா போயிருக்கா. ஒருத்தன் பின்னால வரமாட்டான். வாசல்ல நின்னு வஞ்சிட்டுப் போயிருவான். பொழுது சாயும், போதை எறங்கும், பொறவு வீட்டுக்கு வருவோம்."

ஜெபகனி விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"ஏன் யக்கா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க கேட்டிய? அடிப்பானா, அடிப்பானான்னுதான் கேட்டிய. அடிச்சா எங்கன போவியன்னு கேட்டியளா?"

"டீச்சர வையாதீங்க யக்கா," என்று பாயிலிருந்து ஞானசௌந்தரி சொன்னாள்.

"நான் எங்க வஞ்சேன்? படிச்ச பிள்ள. பேயவே வெரட்டுன பிள்ள. ரோச்ச வெரட்டச் சொல்லு பாப்போம்."

ஞானசௌந்தரி காதைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அடுத்த மட்டம் உசுரோட வெளிய கொண்டு வரமாட்டேன்னு சொல்லிட்டான். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னான்."

ஜெபகனி அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாக்கைப் பிடுங்கிவிடலாம் என்று முதலில் தோன்றியது. பிடுங்கி என்ன? சத்தம் வரும். ஓட்டைச் சத்தம் என்று சிரிப்பார்கள். தெரிந்ததைத் தெரியாததாக ஆக்க எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இஞ்ஞாசியைப் பற்றி அவள் அதுவரை ஒரு பெண்ணாக நினைத்ததே இல்லை. ஒரு சத்தமாகத்தான் நினைத்திருந்தாள். இப்போது கண்ணை மூடினால் அவள் ஓடுவது தெரிந்தது. சிப்பி அழுகுகிற நாற்றத்துக்குள் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளும் அதே இடத்துக்குத்தான் ஓடினாள். அவளைக் காப்பாற்ற அவளுக்கு முன்னால் அங்கே ஒரு பேய் இல்லை.

ஜீவமணி அம்மா ஜீப்பில் வந்து இறங்கியபோது முகம் மலர்ந்திருந்தது. நிதியின் மதராஸ் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் பார்வைக்கு வருகிறாளாம். மற்ற ஊர்களையும் பார்த்துவிட்டுத்தான் பணம் யாருக்கு என்று முடிவு செய்வாளாம்.

"அவ முன்னால நீ அதச் செஞ்சு காட்டணும். சாக்க எடு, சத்தம் வரட்டும். பொறவு அடை. நம்ம வருசத்துல உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான்."

ஜெபகனி ஞானசௌந்தரியைப் பற்றிச் சொன்னாள். திக்கித் திக்கிச் சொன்னாள். ஜீவமணி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளுக்கு நெஞ்சில் ஈரம் இல்லாமல் இல்லை.

"அதுக்குத்தானம்மா மையம் வேணுங்கிறது. பணம் வந்தா அந்தக் கிட்டங்கிக்குக் கதவு போடலாம். பூட்டு போடலாம்."

"சாவி யாருகிட்ட இருக்கும்மா?"

"ஊர்க் கமிட்டிகிட்டதான் குடுக்கணும். கட்டிடம் அவங்களது."

கமிட்டித் தலைவர் ரோச்சின் அண்ணன். அது ஜீவமணி அம்மாவுக்கும் தெரியும். அவள் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

மதராஸ் அம்மாள் வந்த அன்று வெயில் கொளுத்தியது. கஞ்சி போட்ட கைத்தறிச் சேலையும் தோளில் கேமராவுமாக அவள் சிப்பியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். ஆண்கள் வேடிக்கை பார்க்க முன்னால் நின்றார்கள். பெண்கள் கிணற்றடியில் நின்றார்கள். ஞானசௌந்தரி காதில் பஞ்சு வைத்து முக்காடு போட்டிருந்தாள்.

மணி அடித்து ஓய்ந்தது. ரோச்சே பெட்டிமேல் ஏறிச் சாக்குகளைப் பிடுங்கி எறிந்தான். முனகல் தொடங்கியது. ஆண்கள் சிரித்தார்கள்.

"ஏளா இஞ்ஞாசி, வாயப் பொத்து. டீச்சர் வாராவ," என்றான் ரோச்.

மதராஸ் அம்மாளும் சிரித்தாள். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

ஜெபகனி ஏறினாள். முதல் குழாயை அடைத்தாள். சத்தம் குறைந்தது. இரண்டாவதை அடைத்தாள். இன்னும் குறைந்தது. மூன்றாவதில் சாக்கை வைத்து அழுத்தும்போது கை நின்றது. வழி குறுகினால் சத்தம் சாகாது, மெலியும், உயரும். அதைப் பரீட்சைத் தாளில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். சாக்கின் ஓரத்தில் ஒரு விரல் நுழைகிற இடம் விட்டாள்.

முதலில் ஒன்றும் இல்லை. யாரோ மறுபடி கைதட்டத் தொடங்கினார்கள்.

அப்புறம் அது வந்தது. முனகல் இல்லை. மெல்லிய, கூரான கத்தல். தொண்டையை யாரோ நெரிக்கிறபோது மிச்சமிருக்கும் குரல் அது. ஏறியது, இறங்கியது, மூச்சு வாங்க நின்றது, திரும்ப ஏறியது. காற்று அலை அலையாக வருவதால் அப்படித்தான் நிற்கும். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கையில் மயிர் குத்திட்டு நின்றது. ஏனென்றால் அந்தக் குரலை அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். கேட்டுக்கொண்டே பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

கைதட்டல் நின்றது.

"நல்லா அழுத்தி அடைங்க, டீச்சர்," என்று ஒருவன் சொன்னான். குரல் இறங்கியிருந்தது.

அவள் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்துவதுபோல் சாக்கைப் பிடித்தாள். இடைவெளி இன்னும் மெலிந்தது. கத்தல் இன்னும் உயர்ந்தது. முன்வரிசையில் நின்றவர்கள் பின்னால் போனார்கள். சிப்பி நொறுங்கியது. ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

ரோச் மட்டும் நின்றான்.

"காத்துன்னியளே, டீச்சர்?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஞாயிற்றுப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளும் சொல்லிக்கொடுத்தவள். கிணற்றடியில் முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள்.

"காத்துன்னுதான் நெனச்சேன்," என்றாள் ஜெபகனி.

ரோச் அவள் முகத்தையே பார்த்தான். அவள் நடுங்கியது நிஜம். அதைத்தான் அவன் பார்த்தான். அவன் கண் அவளைத் தாண்டிச் சுவருக்குப் போயிற்று. பிறகு அவனும் ஒரு அடி பின்வாங்கினான். அன்று சாயங்காலம் வலையை எடுக்க வந்தபோதுகூட உள்ளே போகவில்லை. வாசலில் நின்று ஒரு கம்பை நீட்டி அதை இழுத்துக்கொண்டு போனான்.

மதராஸ் அம்மாள் கேமராவை மூடிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஜீவமணி அம்மா ஜெபகனியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒரு வெரல் எடம் விட்டிருக்கே."

"ஆமாம்மா."

"தெரிஞ்சே விட்டிருக்கே."

"ஆமாம்மா."

ஜீவமணி அம்மா கடலைப் பார்த்தாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மூடநம்பிக்கை கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள். முகத்தில் கோபம் வந்தது, போனது, திரும்பவும் வந்தது.

"இத நான் என்னன்னு எழுதுவேன்? தடுக்கிறதுக்கு வழி பேயின்னா எழுத?"

ஜெபகனி விரலில் ஒட்டியிருந்த சாக்கு நாரை உரித்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு ராத்திரில ஒண்ணு நடந்தா உன் பேயி என்ன செய்யும்?"

அந்தக் கேள்வி ஜெபகனிக்குள்ளும் இருந்தது.

"கர்த்தருக்கு நீ பதில் சொல்லிக்க," என்றாள் ஜீவமணி அம்மா. "மதராஸ்காரிக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

பணம் வேறு ஊருக்குப் போயிற்று. அங்கே கட்டிடம் தயாராக இருந்ததாம். பேயும் இல்லையாம். ஜீவமணி அம்மா விடவில்லை. வேறொரு நிதிக்கு எழுதிப்போட்டாள். பெண்கள் ஓடிப் போய் ஒளிகிற இடங்கள் எவை, அவற்றைக் கெடுக்காமல் என்ன செய்யலாம் என்பதை முதலில் ஆராய வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. ஜெபகனி கேட்காமலே ஜீவமணி அம்மா எழுதிய வரி. பதில் வரும்வரை சம்பளம் இல்லை. ஜெபகனி நாசரேத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

சொல்லிக்கொண்டு போகத் தூத்துக்குடியிலிருந்து புன்னைத்துறைக்கு வந்தபோது உச்சியாகிவிட்டது. அந்தோணியம்மாள் சந்தைக்குப் போயிருந்தாள். கதவில் பூட்டு தொங்கியது. தெருவில் ஆள் இல்லை. மணி அடித்து ஓய்ந்தது.

கிட்டங்கியிலிருந்து அது கேட்டது. குரல் அன்றைக்குப்போல் கூராக இல்லை. தாழ்ந்து, தூங்க வைக்கிறதுபோல இருந்தது.

நடந்து போனாள். குருசடி நிழலில் ரோச் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. கையில் ஒரு மரத்துண்டு. அவன் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. அவளைக் கண்டதும் மரத்துண்டை மணலில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சிப்பி தொடங்குகிற இடத்தில் ஜெபகனியின் கால் நின்றுவிட்டது. உள்ளே, சுவரில் சாய்ந்து, ஞானசௌந்தரி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் புதிதாக ஒரு வீக்கம். மடியில் அவளுடைய கைப்பிள்ளை தூங்கியது. அவள் தலைமுடியை அவிழ்த்து நிதானமாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அடிவாங்கியவள் மாதிரி இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

ஜெபகனி நிமிர்ந்து குழாய்களைப் பார்த்தாள். மூன்றிலும் சாக்கு இருந்தது. மூன்றாவதில் இடைவெளி இருக்கிறதா என்று நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. பெட்டி அங்கேயே கிடந்தது. ஏறிப் பார்த்திருக்கலாம்.

"ஏன் நிக்கிய, டீச்சர்? உள்ள வாங்க," என்றாள் ஞானசௌந்தரி. பிள்ளை எழுந்துவிடாதபடி மெதுவாகச் சொன்னாள். "அவ பொம்பளையள ஒண்ணும் செய்யமாட்டா."

ஜெபகனி பெட்டிப் பக்கம் போகவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிப்பிமேல் கால் வைத்தாள்.